வெளிர் நிறத்தில்தான் விலை தெரியும்

கேள்வி: எங்கள் ஊர் ஃபேன்சி ஸ்டோரில் ஒரே கம்பெனியின் நெயில் பாலிஷை இருபதுக்கும் மேற்பட்ட நிறங்களில் அடுக்கி வைத்திருக்கிறார்கள். ஒரு புட்டி 60 ரூபாய்க்கும் குறைவுதான். ஆசைப்பட்டு இரண்டு வாங்கினேன். அரக்கு நிறம் அழகாக வந்தது. வெளிர் ரோஜா நிறமோ கோடு கோடாக, திட்டுத் திட்டாக நிற்கிறது. விலை ஒன்றாக இருந்தும் இந்த வேறுபாடு ஏன்? மற்ற நிறங்களில் எவற்றை நம்பி வாங்கலாம்?
- கல்லூரி மாணவி, கோவில்பட்டி

பதில்: உங்கள் கடிதம் வந்த பிறகு, ஏறக்குறைய இதே விலையில் கிடைக்கும் ஒரு வரிசையிலிருந்து ஆறு நிறங்களை வாங்கி, இரண்டு வாரங்கள் என் நகங்களிலேயே பூசிப் பார்த்தேன். (பத்து விரல்களில் ஆறு நிறங்களுடன் வளைய வந்தவளைப் பார்த்து வீட்டில் சிரிக்காதவர் இல்லை.) அரக்கு, வாடாமல்லி, மயில்கழுத்து ஆகிய மூன்றும் இரண்டாம் பூச்சிலேயே நகத்தை முழுமையாக மூடிவிட்டன. மினுமினுப்புள்ள செம்பு நிறமும் ஏமாற்றவில்லை. ஆனால் வெளிர் ரோஜாவும் இளநீலமும் மூன்று முறை பூசிய பிறகும் நகத்தின் வெள்ளை முனையைக் காட்டிக்கொண்டேயிருந்தன.

விலை குறைந்த புட்டியானாலும் கூடியதானாலும் உள்ளிருக்கும் அடிப்படைச் சரக்கு பெரும்பாலும் ஒன்றுதான்: எத்தில் அசிட்டேட், பியூட்டைல் அசிட்டேட் போன்ற கரைப்பான்களில் கரைத்த நைட்ரோசெல்லுலோஸ். கரைப்பான் ஆவியாகிப் போக, எஞ்சியது மெல்லிய ஏடாக நகத்தில் படிகிறது. வேறுபாடு நிறமியில்தான் தொடங்குகிறது. வெளிர் நிறங்களுக்கு டைட்டேனியம் டை ஆக்சைடு என்ற வெண்ணிறமியை மிகுதியாகச் சேர்க்க வேண்டும். அது கனமானது, விரைவில் அடியில் தங்கிவிடும் இயல்புடையது. அதை நன்றாக அரைத்துச் சீராக மிதக்க விடுவதில் தயாரிப்பாளர் சற்றே சிக்கனம் பிடித்தாலும் தூரிகையின் தடம் ஒவ்வொன்றும் கோடாகத் தெரிந்துவிடும். அடர்ந்த நிறங்கள் இந்தக் குறையைத் தாமே மறைத்துக்கொள்கின்றன. மினுமினுப்பு வகையில் மைக்காத் துகள்கள் ஒளியைச் சிதறடித்து அதே உதவியைச் செய்கின்றன. ஆகவே அடர்நிறங்களையும் மினுமினுப்பையும் இந்த விலையில் தயங்காமல் வாங்குங்கள். வெளிர் நிறம் வேண்டுமென்றால் ஒன்றே ஒன்றைச் சற்றுக் கூடுதல் விலையில் வாங்குவதுதான் உண்மையான சிக்கனம் என்பது என் கருத்து.

புட்டிக்குள் தெரியும் நிறத்தை நம்ப வேண்டாம். சோதனைப் புட்டி இருந்தால் ஒரு நகத்தில் பூசிக்கொண்டு, ஜவுளிக்கடையில் புடவையை வாசல் வெளிச்சத்துக்கு எடுத்துவந்து பார்ப்பதைப் போல, வெளியே வந்து பாருங்கள். கடையின் டியூப்லைட்டில் வாடாமல்லியும் கத்தரிப்பூவும் ஒன்றுபோலவே இருக்கும். பூசும் முன் புட்டியைக் குலுக்காமல் இரு உள்ளங்கைகளுக்கு இடையே உருட்டுங்கள். குலுக்கினால் காற்றுக் குமிழிகள் கலந்துவிடும். ஒரே தடித்த பூச்சைவிட, இடையில் நன்றாகக் காயவிட்ட இரண்டு மெல்லிய பூச்சுகள் அதிக நாள் நிற்கும். அரக்கு நிறத்துக்கு அடியில் நிறமற்ற அடிப்பூச்சு ஒன்று கட்டாயம் வேண்டும். இல்லையென்றால் சாயம் நகத்தில் இறங்கி மஞ்சளாகத் தங்கிவிடும். கைவிரல் நகம் மாதத்துக்குச் சுமார் 3 மில்லிமீட்டர்தான் வளரும் என்பதால், அந்தக் கறை முழுதும் வளர்ந்து வெளியேற ஏறக்குறைய ஆறு மாதம் ஆகும்.

கேள்வி: என் மகள் புதிய நகப்பூச்சு நிறங்களைப் பூசிப் பார்க்கும் நாள்களில் அவளுடைய கண்ணிமைகள் சிவந்து அரிக்கின்றன. விரல்களில் ஒன்றுமில்லை. பூச்சுக்கும் இமைக்கும் தொடர்பு இருக்க முடியுமா?
- இல்லத்தரசி, தஞ்சாவூர்

பதில்: இருக்க முடியும். சில பூச்சுகளில் பளபளப்புக்கும் பிடிப்புக்கும் சேர்க்கப்படும் டோசைலமைடு ஃபார்மால்டிஹைடு பிசின் சிலருக்கு ஒவ்வாமையை உண்டாக்கும். விரல்களின் தோல் தடித்தது, தாங்கிக்கொள்ளும். இமையின் தோலோ மிக மெல்லியது. நாம் அறியாமலே ஒரு நாளில் எத்தனையோ முறை கண்ணைத் தொடுகிறோம் என்பதால், அரிப்பு முதலில் அங்கேயும் கழுத்திலும் தலைகாட்டும். பூச்சை உடனே அகற்றிவிட்டு, தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். சந்தேகப்படும் பொருளைத் தோலில் ஒட்டிவைத்துப் பார்க்கும் ஒட்டுச் சோதனை செய்து காரணத்தை உறுதிப்படுத்திச் சொல்வார். அதுவரை வேறு நிறத்துக்கு மாறிப் பார்ப்பதில் பயனில்லை. ஒரே வரிசையின் எல்லா நிறங்களிலும் பொதுவாக ஒரே பிசின்தான் இருக்கும்.

கேள்வி: பாதியில் கெட்டியாகிவிட்ட பூச்சில் ரிமூவர் ஊற்றி இளக்கலாமா?
- வாசகி, ஈரோடு

பதில்: வேண்டாம். ரிமூவரில் உள்ள அசிட்டோனும் எண்ணெயும் தண்ணீரும் பூச்சின் ஏட்டைக் கெடுத்துவிடும். நகப்பூச்சுக்கென்றே விற்கும் தின்னரில் இரண்டு மூன்று சொட்டு விட்டு உருட்டினால் போதும். அடுப்பு எரியும் இடத்தில் மட்டும் அதைச் செய்ய வேண்டாம், அது எளிதில் தீப்பற்றும்.