மீக்கடத்திக் குவாண்டம் ஆய்வு: பினாங்கிலிருந்து வந்த கேள்விகளுக்குப் பதில்

பட்டர்வொர்த்தில் பிறந்தவள் நான். மீக்கடத்திக் குவாண்டம் கருவிகளில் ஆய்வு செய்கிறேன். மிகக் குளிரில் மின்தடையே இல்லாமல் மின்சாரத்தைக் கடத்தும் பொருள்தான் மீக்கடத்தி. நம் ஊர்ப் பிள்ளைகளும் பெற்றோரும் கேட்டவற்றுக்கு என் பதில்கள் இவை.

கேள்வி: அக்கா, எஸ்டிபிஎம் (பல்கலைக்கழகத்துக்கு முந்தைய தேர்வு) படிக்கிறேன். நாள் முழுக்க என்ன செய்வீர்கள்? கணக்குப் போடுவதா?

பதில்: கணக்கும் உண்டு தம்பி, ஆனால் கைவேலைதான் அதிகம். அலுமினியப் படலம், அதன்மேல் ஒன்றிரண்டு நானோமீட்டர் ஆக்சைடு, மறுபடி அலுமினியம். இதுதான் ஜோசப்சன் சந்தி. இயற்பியலாளர் பிரையன் ஜோசப்சன் 1962-ல், 22 வயதில், இதன் இயல்பைக் கணித்தார்.

இந்தச் சந்திகள் உள்ள சில்லை, ஹீலியம்-3, ஹீலியம்-4 கலவையால் குளிரூட்டும் ஃப்ரிட்ஜில் வைத்து 10 முதல் 20 மில்லிகெல்வின் வரை இறக்குவோம்; அதாவது தனிப்பூஜ்ஜியத்துக்கு மேலே ஒரு டிகிரியில் நூறில் ஒன்றிரண்டு பங்குதான். விண்வெளியே 2.7 கெல்வின்தான். அலுமினியம் 1.2 கெல்வினிலேயே மீக்கடத்தியாகிவிடுமே, அப்புறம் எதற்கு இவ்வளவு குளிர்? இந்தச் சந்திகளால் நாங்கள் செய்வது கியூபிட், அதாவது குவாண்டம் கணினியின் அடிப்படை அலகு. அதன் இரு நிலைகளுக்கு இடையிலான ஆற்றல் மிகச் சிறியது; அதிர்வெண்ணில் சொன்னால் சுமார் 5 கிகாஹெர்ட்ஸ். கால் கெல்வின் வெப்பம் இருந்தாலே அது தானாக நிலை மாறிக்கொண்டிருக்கும்.

முதல் வருடத்தில் எர்த் பட்டையைக் கையில் கட்டாமல் ஒரு சில்லைத் தொட்டுவிட்டேன். நிலைமின்சாரம் சந்திகளை எரித்துவிட்டது. இரண்டு நாள் குளிரவைத்த பிறகுதான் தெரிந்தது. மூன்று வார உழைப்பு போயிற்று. அன்றிலிருந்து ஃப்ரிட்ஜில் ஏற்றும் முன் ஒவ்வொரு சந்தியின் மின்தடையையும் அறை வெப்பத்திலேயே அளந்துவிடுகிறேன்.

கேள்வி: மகள் இயற்பியல்தான் வேண்டும் என்கிறாள். அவள் அப்பா மருத்துவம் என்கிறார். பிழைப்புக்கு ஆகுமா?

பதில்: ஆகும் அம்மா, ஆனால் பொறுமை வேண்டும். இளங்கலைக்கு மூன்று நான்கு வருடம், முனைவர் பட்டத்துக்கு நான்கைந்து, பிறகு சில வருடம் ஒப்பந்த ஆய்வு. வெளிநாடுகளில் பல இடங்களில் முனைவர் பட்டத்துக்கு உதவித்தொகை கிடைக்கும். கடன் வாங்கி அனுப்ப வேண்டாம். பக்கத்திலேயே சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் 2007 முதல் குவாண்டம் ஆய்வு மையம் இருக்கிறது. மகளுக்கு இதில் ஆசை இருந்தால் தடுக்காதீர்கள் என்றுதான் நான் சொல்வேன்.

கேள்வி: 2025 இயற்பியல் நோபல் இந்தத் துறைக்குத்தானே?

பதில்: ஆமாம். கிளார்க், டெவோரே, மார்ட்டினிஸ் மூவருக்கும். 1984, 85-ல் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் செய்த சோதனைகள்; கையில் பிடிக்கும் அளவுள்ள மின்சுற்றே குவாண்டம் விதிப்படி நடக்கும் என்று காட்டின. அப்போது மார்ட்டினிஸ் முனைவர் பட்ட மாணவர்!

கேள்வி: பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் எட்டு வருடமாக வயர் பாண்டிங் டெக்னீஷியன். எனக்கு இடமுண்டா?

பதில்: நிச்சயம் உண்டு அண்ணா. இந்தக் கேள்வி வந்ததில் எனக்கு அவ்வளவு மகிழ்ச்சி. எங்கள் சில்லுகளையும் மெல்லிய அலுமினியக் கம்பியால் பலகையோடு இணைக்கிறோம். 1972 முதல் பினாங்கு கைவரப்பெற்ற தொழில் அது. புதிதாக வரும் மாணவருக்கு ஒரு நல்ல இணைப்பு விழவே மாதக்கணக்காகும். ஆய்வகங்களில் டெக்னீஷியன் பணிகள் இருக்கின்றன. முனைவர் பட்டம் தேவையில்லை. விண்ணப்பத்தில் 'அனுபவம் உண்டு' என்று மட்டும் எழுதாமல், எந்த இயந்திரம், எந்தக் கம்பி, எவ்வளவு தடிமன், பழுது பார்க்கத் தெரியுமா என்று ஒவ்வொன்றாக எழுதுங்கள்.