ஃபிஸ்டுலா என்றால் பௌத்திரம்தானே? டயாலிசிஸ் நோயாளிக்குக் கையில் ஃபிஸ்டுலா போட வேண்டும் என்கிறார்களே, அது எப்படி?

பௌத்திரம் ஃபிஸ்டுலாவில் ஒரு வகை மட்டுமே. இயல்பாகத் தொடர்பில்லாத இரண்டு உறுப்புகளுக்கு இடையிலோ, ஓர் உள்ளுறுப்புக்கும் தோலுக்கும் இடையிலோ, தமனிக்கும் சிரைக்கும் இடையிலோ உண்டாகும் வழி எதுவாயினும் மருத்துவத்தில் அதற்கு ஃபிஸ்டுலா என்றே பெயர். எனவே, எதை எதனோடு இணைக்கிறது என்று சொல்லாமல் ‘ஃபிஸ்டுலா இருக்கிறது’ என்று மட்டும் சொன்னால் அது பாதிச் செய்திதான்.

பௌத்திரத்தில் ஒரு வாய் ஆசனக் குழாயின் உட்புறத்திலும் மற்றொன்று அருகிலுள்ள தோலிலும் இருக்கும். பெரும்பாலும் அங்குள்ள சிறு சுரப்பியொன்றில் தொற்று ஏற்பட்டு, அது சீழ்க்கட்டியாகி உடைந்த பின்னரும் உள்வாய் மூடாமல் நின்றுவிடுவதால், வெளியே ஆறியதுபோல் தோன்றிப் பின் மீண்டும் சீழ் கசிகிறது. களிம்பு தடவிக் காலம் கடத்துவதில் பயனில்லை என்று நான் வலியுறுத்துவது இதனால்தான். மூலத்தையும் இதையும் ஒன்றாகவே பேசுகிறார்கள். மூலம் என்பது வீங்கிய இரத்தநாளத் திசு, அதில் இத்தகைய வழி ஏதும் கிடையாது. ஒரு பக்கம் மட்டும் திறந்து, உள்ளே முட்டி நிற்கும் புரையை சைனஸ் என்பார்கள் (முகத்தில் உள்ள சைனஸ் அறைகள் வேறு).

பிரசவம் நெடுநேரம் தடைப்பட்டு, குழந்தையின் தலை அழுத்தியதால் இரத்த ஓட்டம் நின்று திசு அழிந்தால், சிறுநீர்ப்பைக்கும் யோனிக்கும் இடையே வழி ஏற்பட்டுச் சிறுநீர் ஓயாமல் கசியும். உரிய நேரத்தில் சிசேரியன் செய்தால் இது பெரும்பாலும் தவிர்க்கக்கூடியது. ஏற்பட்ட பின்னரும் பலருக்கு அறுவை சிகிச்சையால் சரிசெய்ய முடிகிறது.

நீங்கள் கேட்கும் கை ஃபிஸ்டுலா நோயன்று, மருத்துவர்கள் வேண்டுமென்றே உருவாக்குவது. மணிக்கட்டிலோ முழங்கை அருகிலோ ஒரு தமனியைச் சிரையோடு இணைத்துவிட்டால், தமனியின் வேகமான இரத்தம் பாய்ந்து சிரை விரிந்து சுவர் தடிக்கிறது. டயாலிசிஸுக்காகத் திரும்பத் திரும்ப ஊசி குத்துவதையும் அது தாங்குகிறது. மணிக்கட்டில் இவ்வாறு இணைக்கும் முறையை பிரெசியா, சிமினோ முதலிய மருத்துவர்கள் 1966இல் வெளியிட்டனர். இது முதிர்வதற்குச் சில வாரங்கள், சிலருக்குச் சில மாதங்கள் ஆகும் என்பதால்தான் டயாலிசிஸ் தொடங்கும் முன்பே போட்டுக்கொள்ளச் சொல்கிறார்கள். அந்தக் கையில் இரத்த அழுத்தம் பார்க்கவோ, பரிசோதனைக்கு இரத்தம் எடுக்கவோ விடக் கூடாது. இணைப்பின் மேல் விரல் வைத்தால் தெரியும் அதிர்வு ஒருநாள் இல்லாமற்போனால், அடுத்த டயாலிசிஸ் வரை காத்திராமல் அன்றே மருத்துவமனைக்குச் சொல்ல வேண்டும்.