ஆறு மெசின்களுக்கும் ஒரே பம்பியா?

கேள்வி: சிறிய பிளாஸ்டிக் தொழிற்சாலை ஒன்றை நடத்துகிறேன். ஆறு ஊசிவார்ப்பு மெசின்கள் உள்ளன. நான்கில் பொலிப்புரோப்பிலீன் வாளிகளும் பேசின்களும், இரண்டில் பொலிகாபனேற்று மின்குமிழ் மூடிகளும் செய்கிறோம். தொழிலாளர்கள் 25 கிலோ பைகளை ஏணியில் தூக்கிச்சென்று, மெசினின் மேலுள்ள ஹொப்பர் என்னும் கொள்கலத்தில் கொட்டுகிறார்கள். மூலப்பொருளை ஓரிடத்திலிருந்து குழாய்களால் உறிஞ்சி எல்லா மெசின்களுக்கும் ஊட்டும் மத்திய அமைப்பைப் பொருத்தச் சொல்கிறார் விற்பனையாளர். அதன் குறைகளை விளக்குவீர்களா?
- வாசகர், ஏறாவூர்

பதில்: ஏணியில் பை சுமக்கும் வேலையை நிறுத்த நினைப்பது மிகச் சரி. அந்த வேலையால் முதுகு கெட்டுப்போனவர்களை நான் அறிவேன். ஆனால் ஆறே மெசின்கள் உள்ள உங்களுக்கு மத்திய அமைப்புத்தான் வழி என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

பல மெசின்கள் ஒரே பம்பியையும் ஒரே குழாயையும் நம்பி நிற்பதே முதற்குறை. நான் பராமரிப்புப் பொறுப்பில் இருந்த ஒரு தொழிற்சாலையில், பம்பி வழக்கம்போல ஓடிக்கொண்டிருக்கையிலேயே நான்கு ஹொப்பர்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் காலியாகின. வடிகட்டியைக் கழற்றித் துப்புரவாக்கியும் பயனில்லை. கடைசியில், மெல்லிய கடதாசித் துண்டொன்றைக் குழாய் நெடுகப் பிடித்துக்கொண்டு போனபோது, கூரையோரத்து வளைவு ஒன்றில் அது சட்டென்று ஒட்டிக்கொண்டது. கண்ணாடியிழை கலந்த பிளாஸ்டிக் மணிகள் உள்ளிருந்து அராவி, அரிசிமணி அளவில் துளையிட்டிருந்தன. அதன்வழி வெளிக்காற்று புகுந்ததால் குழாயின் உறிஞ்சல் குன்றியிருந்தது. அதற்குள் மெசின்களில் பிளாஸ்டிக்கை உருக்கும் சூடான உருளைகளில் தேங்கிய பிளாஸ்டிக் கருகிவிட்டதால், அதை வெளியேற்றவே அரை நாள் போயிற்று.

உங்கள் விடயத்தில் இதைவிட நான் அஞ்சுவது ஈரத்தைத்தான். பொலிப்புரோப்பிலீன் ஈரத்தை உறிஞ்சுவதில்லை என்றே கொள்ளலாம். பொலிகாபனேற்று அப்படியன்று, அதை ஏறத்தாழ 120 பாகை செல்சியசில் மூன்று நான்கு மணித்தியாலம் உலர்த்தி, ஈரத்தை 0.02 வீதத்துக்குக் கீழே கொண்டுவந்த பின்னரே வார்க்க வேண்டும். மத்திய உலர்த்தியில் அவ்வளவு பாடுபட்டு உலர்த்திய மணிகளைச் சாதாரண அறைக்காற்றால் நீண்ட குழாய்வழி இழுத்து, மெசின் தலைமேல் காத்திருக்க வைத்தால், கடலும் வாவியும் சூழ்ந்த மட்டக்களப்பில், அதுவும் வடகீழ்ப் பருவமழைக் காலத்தில், அவை மீண்டும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். மூடியில் வெள்ளிக் கோடுகள் ஓடும். கோடு தெரியாத மூடியும் வலுவிழந்து, கைதவறி விழுந்தாலே வெடிக்கக்கூடும். உலர்ந்த காற்றால் இழுக்கும் வசதியும், ஒவ்வொரு முறையும் குழாயைக் காலியாக்கும் வால்வும் இதைத் தடுக்கும். ஆயினும் அவை தனிச் செலவு.

கலப்படத்தையும் எண்ணிப்பாருங்கள். எந்த மூலப்பொருள் எந்த மெசினுக்குப் போகவேண்டும் என்று குழாய்களைச் செருகி இணைக்கும் பகிர்வுப் பலகையில் ஒரு குழாயை மாற்றிச் செருகிவிட்டால், பொலிப்புரோப்பிலீன் பொலிகாபனேற்றுக்குள் போய், மூடிகள் தோலுரிவதுபோல் படைபடையாகப் பிரியும். கையால் கொட்டும்போது தவறு ஒரு பையோடு நிற்கும். குழாய்வழியில் யாராவது கவனிக்கும்வரை அது தொடரும். வாளியின் நிறத்தை மாற்றும்போதெல்லாம் குழாயையும் கழுவ நேராதிருக்க, நிறமூட்டும் மணியை மெசினின் வாயருகிலேயே கலக்க வேண்டும். வேகமாக இழுக்கும்போது வளைவுகளில் மணிகள் உராய்ந்து தூளாவதும் உண்டு. அந்தத் தூள்தான் வடிகட்டியை அடைக்கிறது.

நான் உங்கள் இடத்தில் இருந்தால், ஒவ்வொரு மெசினுக்கும் தனித்தனிச் சிறிய உறிஞ்சு ஊட்டியை வாங்கிப் பைகளைத் தரையிலேயே வைத்துக்கொள்வேன். பொலிகாபனேற்று மெசின்கள் இரண்டிலும் உலர்த்தியை ஹொப்பரின் இடத்திலேயே பொருத்துவேன். ஒன்று பழுதானால் ஒரு மெசின்தான் நிற்கும். மெசின்களுக்கு நடுவே ஊட்டிகளின் இரைச்சலும் தூசியும் இருக்கும் என்பது உண்மைதான், அதைப் பொறுத்துக்கொள்ளலாம்.

அப்படியும் மத்திய அமைப்பையே விரும்பினால், பொலிப்புரோப்பிலீன் மெசின்கள் நான்குடன் அதை நிறுத்துங்கள். மாற்றுப் பம்பி விலையில் அடங்குமா, வளைவுகள் தேய்வைத் தாங்கும் உலோகத்தால் ஆனவையா, பழுதானால் திருத்துநர் கொழும்பிலிருந்து ஏறாவூருக்கு எத்தனை மணித்தியாலத்தில் வருவார் ஆகிய மூன்றையும் விற்பனையாளரிடம் எழுத்தில் வாங்கிய பின்னரே முற்பணம் கொடுங்கள்.