டூட்டிங்கில் இருந்து எங்கே நடக்கலாம்? புதிதாக வந்த தம்பிக்கு ஒரு பதில்

தம்பி, மதுரையிலிருந்து வந்து லண்டன் டூட்டிங்கில் அறை எடுத்திருக்கிறீர்கள், வாரம் முழுக்க வேலை, ஞாயிற்றுக்கிழமை நான்கு சுவருக்குள் அடைந்து கிடக்க முடியவில்லை, கார் இல்லை, பக்கத்தில் பச்சையாக எங்காவது போய் நடந்து வரலாமா என்று கேட்டிருந்தீர்கள். கூடவே இன்னொன்றும் கேட்டீர்கள்: வேலி போட்ட வயலுக்குள் பாதை போகிறதே, நாம் நுழைந்தால் யாராவது விரட்டுவார்களா? அந்தக் கேள்விக்கே முதலில் வருகிறேன். நம் ஆட்கள் பலர் வருடக்கணக்காக இங்கே இருந்தும் நடக்கப் போகாததற்கு இந்தத் தயக்கம்தான் காரணம்.

விரட்ட மாட்டார்கள். இங்கிலாந்தில் 'பப்ளிக் ஃபுட்பாத்' என்று பதிவாகியிருக்கும் பாதை யாருடைய நிலத்துக்குள் போனாலும், அதில் நடப்பது உங்கள் சட்டப்படியான உரிமை. நேற்று வந்தவருக்கும் அதே உரிமைதான். வயலின் குறுக்கே போகும் பாதையை விவசாயி உழுதுவிட்டால், அதை மறுபடி நடக்கும்படி சரிசெய்து தர வேண்டியது அவர் பொறுப்பு.

சாலையோரம் கைகாட்டி மரம் இருக்கும். உள்ளே போனதும் கம்பங்களில் உள்ளங்கை அளவு வட்டத்தில் அம்புக்குறி அடித்திருப்பார்கள். மஞ்சள் அம்பு என்றால் நடப்பவர்களுக்கு. நீலம் என்றால் குதிரைக்கும் சைக்கிளுக்கும் சேர்த்து. ஆர்டனன்ஸ் சர்வே என்ற அரசு வரைபட நிறுவனத்தின் 'எக்ஸ்புளோரர்' வரைபடத்தில் இந்தப் பாதைகள் பச்சைக் கோடுகளாகத் தெரியும். ஆனால் உரிமை பாதைக்கு மட்டும்தான், வயல் முழுக்கச் சுற்றுவதற்கு இல்லை. கதவு மூடியிருந்தால் மூடிவிட்டுப் போங்கள், திறந்திருந்தால் திறந்தே விடுங்கள். கன்றோடு நிற்கும் மாட்டுக்கு நன்றாக ஒதுங்கிப் போங்கள். ஊர் மாடு பழகியிருக்கிறது என்ற தைரியம் இங்கே வேண்டாம்.

சரி, இடங்களுக்கு வருவோம். உங்களுக்கு மிகப் பக்கம் வாண்டில் ஆறு. டூட்டிங் பிராட்வேயிலிருந்து நார்தர்ன் லைனில் அடுத்த ஸ்டேஷன் கோலியர்ஸ் வுட். இறங்கி 'வாண்டில் டிரெயில்' பலகையைப் பிடித்துக்கொண்டால் மெர்ட்டன் ஆபி மில்ஸ், டீன் சிட்டி ஃபார்ம் வழியாக, டிராம் தண்டவாளத்தைக் கடந்து மார்டன் ஹால் பார்க்கில் கொண்டு விடும். மேடு பள்ளமே கிடையாது. சுண்ணாம்புப் பாறை ஊற்றில் பிறக்கும் ஆறு என்பதால் பல இடங்களில் தரை தெரியும் அளவுக்குத் தண்ணீர் தெளிவாக ஓடும். நாரை நிற்கும், அதிர்ஷ்டம் இருந்தால் மீன்கொத்தியும் கண்ணில் படும். பார்க், பழைய இடங்களைப் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் என்ற அறக்கட்டளையுடையது, நுழைவு இலவசம். உள்ளே ரோஜாத் தோட்டம் இருக்கிறது, ஒரு காலத்தில் மூக்குப்பொடி அரைத்த ஆலைக் கட்டடமும் இருக்கிறது. திரும்புவதற்கு மார்டன் ஸ்டேஷன் பக்கத்திலேயே. முதல் நடைக்கு நான் யாருக்கும் இதைத்தான் சொல்வேன்.

அடுத்து ரிச்மண்ட் பார்க். ரிச்மண்ட் ஸ்டேஷனிலிருந்து 65ஆம் எண் பஸ்ஸில் பீட்டர்ஷாம் வாசலில் இறங்கி மேட்டில் ஏறினால் பெம்புரோக் லாட்ஜ் என்ற பழைய மாளிகை. அதன் தோட்டத்தில் கிங் ஹென்றிஸ் மவுண்ட் என்ற சின்னக் குன்று. அங்கே ஹோலி (holly) என்ற முள்ளிலைச் செடி வேலியில் ஓர் இடைவெளி வெட்டி வைத்திருக்கிறார்கள். வானம் தெளிவாக இருக்கும் நாளில் அதன் வழியே 16 கிலோமீட்டருக்கு அப்பால் செயின்ட் பால்ஸ் கதீட்ரலின் கோபுரம் தெரியும். அந்தக் காட்சியை மறைத்துக் கட்டடம் எழும்பாதபடி விதியே இருக்கிறது.

இந்தப் பூங்காவுக்கு ஒரு கதை உண்டு. 1637இல் முதலாம் சார்லஸ் மன்னர் மான் வேட்டைக்காக இதைச் சுற்றி மதில் எழுப்பினார். அடுத்த நூற்றாண்டில், பூங்காவின் பொறுப்பிலிருந்த இளவரசி அமீலியா பொதுமக்களை உள்ளே விடாமல் வாசலை அடைத்தார். ஜான் லூயிஸ் என்ற உள்ளூர் மது ஆலைக்காரர் வழக்குப் போட்டு, 1758இல் வென்றார். மதிலைத் தாண்ட ஏணிப்படி வைக்க வேண்டியதாயிற்று. அரச குடும்பத்தையே எதிர்த்து ஒரு சாதாரண மனிதர் நடைபாதைக்காக நின்று ஜெயித்த ஊர் இது. நீங்கள் ஏன் தயங்க வேண்டும்?

சுமார் 630 மான்கள் அங்கே அவிழ்த்துவிட்டபடி திரிகின்றன. 50 மீட்டராவது தள்ளி நில்லுங்கள். செப்டம்பர், அக்டோபரில் ஆண் மான்கள் ஒன்றோடொன்று மோதும். மே முதல் ஜூலை வரை குட்டி போடும் காலம். அப்போது இன்னும் கவனம் தேவை. உயரமான புல்லில் உண்ணி இருக்கும், கடித்தால் லைம் நோய் என்ற பாக்டீரியா தொற்று வரலாம். பேன்ட் நுனியைக் காலுறைக்குள் சொருகிக்கொள்ளுங்கள், வீடு வந்ததும் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கொஞ்சம் பழகிய பிறகு பாக்ஸ் ஹில் என்ற குன்று. கிளாப்ஹம் ஜங்ஷனில் டார்க்கிங் போகும் ரயிலைப் பிடித்து 'பாக்ஸ் ஹில் அண்ட் வெஸ்ட்ஹம்பிள்' ஸ்டேஷனில் இறங்க வேண்டும். அடிவாரத்தில் மோல் ஆற்றைக் கல்லுக்குக் கல் தாண்டிக் கடக்கலாம். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் எதிரி வந்தால் பயன்படக் கூடாதென்று பழைய கற்களை எடுத்துவிட்டார்கள். இப்போதுள்ளவை 1946இல் பிரதமர் அட்லி திறந்து வைத்தவை. மழையில் ஆறு பெருகினால் கற்கள் முங்கிவிடும், அப்போது பக்கத்திலுள்ள நடைபாலத்தில் போங்கள். அப்புறம் காட்டுக்குள் செங்குத்தான படிகள். மூச்சு வாங்கும், ஆனால் உச்சியில் சர்ரே, சசெக்ஸ் பக்கத்து வயல்களெல்லாம் கண்ணுக்கெட்டிய தூரம் விரிந்து கிடக்கும்.

காலணிதான் முக்கியம். குளிர்காலத்தில் வயல் வாசலருகே மாடுகள் மிதித்த சேறு கணுக்கால் வரை இழுக்கும். ரப்பர் அடிப்பாகம் நன்றாகப் பிடிக்கும் பூட்ஸ் வாங்குங்கள், செகண்ட் ஹேண்ட் போதும். ஜீன்ஸ் நனைந்தால் காயவே காயாது, வேண்டாம். டிசம்பரில் நான்கு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும், அதனால் காலையிலேயே கிளம்புங்கள். புளியோதரையும் பிளாஸ்கில் டீயும் கட்டிக்கொண்டால் கடையைத் தேட வேண்டாம். ஞாயிற்றுக்கிழமைகளில் தண்டவாள வேலை என்று ரயிலை நிறுத்திவிட்டு மாற்றுப் பஸ் விடுவது இங்கே சகஜம். பாக்ஸ் ஹில் போகும் நாளுக்கு முந்தின இரவே நேஷனல் ரயில் ஆப்பில் ஒரு முறை பார்த்துவிடுங்கள்.