கார்ட்டூனுக்கு எட்டு ஆஸ்கரா?

கேள்வி: இசையமைப்பாளர் ஆலன் மென்கன் வாங்கிய எட்டு ஆஸ்கரும் டிஸ்னி கார்ட்டூன்களுக்குத்தான். குழந்தைகளுக்கு நாலு பாட்டு போட்டதற்கு இவ்வளவு விருதா?

பதில்: நாலு பாட்டைப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போகிற வேலை என்றால் நானும் உங்களோடு சேர்ந்து கத்தியிருப்பேன். அனிமேஷனில் பாட்டுப் பதிவு முடிந்த பிறகுதான் ஓவியர் அந்தக் காட்சியை வரையவே உட்காருவார். நண்டு எந்தத் தாளத்தில் கொடுக்கை ஆட்டும் என்பது வரை பாட்டு வைத்ததுதான் சட்டம்.

மென்கன் அடிப்படையில் நாடகக்காரர். பாடலாசிரியர் ஹோவர்ட் ஆஷ்மனோடு சேர்ந்து 1982-ல் நியூயார்க்கில் 'லிட்டில் ஷாப் ஆஃப் ஹாரர்ஸ்' போட்டார். ஆளைத் தின்னும் செடியின் கதை. நியூயார்க்கின் பெரிய நாடக அரங்குகள் இருக்கிற பிராட்வேக்கு வெளியே, சின்ன அரங்கில் 2,209 காட்சிகள் ஓடியது. பாட்டு முடியும்போது பாத்திரம் தொடங்கிய இடத்திலேயே நிற்கக் கூடாது, நாயகி தன் ஏக்கத்தைச் சீக்கிரமே பாடிவிட வேண்டும் என்ற மேடைப் பாடத்தைத்தான் இருவரும் டிஸ்னிக்குக் கொண்டுபோனார்கள்.

'தி லிட்டில் மெர்மெய்ட்' (1989) படத்தில் கடற்கன்னி மனிதர்களின் உலகத்துக்கு ஏங்கிப் பாடும் பாட்டு அப்படி வந்ததுதான். அரைகுறைப் படத்தைப் போட்டுக் காட்டியபோது குழந்தைகள் நெளிந்தார்கள். வெட்டிவிடலாம் என்றார் ஸ்டூடியோ தலைவர். ஆஷ்மனும் ஓவியர் கிளென் கீனும் மல்லுக்கு நின்று காப்பாற்றினார்கள். அந்தப் பாட்டை எடுத்துவிட்டுப் படத்தைப் பாருங்கள்: அந்தப் பெண் ஏன் தன் குரலையே விற்கிறாள் என்பது விளங்காது.

1991 மார்ச்சில் ஆஷ்மன் எய்ட்ஸால் இறந்தார். வயது 40. இருவரும் சேர்ந்து பாட்டமைத்த 'பியூட்டி அண்ட் தி பீஸ்ட்' வெளியானதே அந்த நவம்பரில்தான். ஆஷ்மன் பாதியில் விட்டுப்போன 'அலாவுதீன்' பாடல்களைப் பாடலாசிரியர் டிம் ரைஸைத் துணைக்கு வைத்துக்கொண்டு மென்கன் முடித்தார்.

சறுக்கவே இல்லையா என்றால், உண்டு. 1993-ல் அலாவுதீனுக்கு இரண்டு ஆஸ்கர் வாங்கிய அதே பருவத்தில், ஆட்களே நடித்த 'நியூசீஸ்' படத்துக்காக மோசமான பாட்டு என்று, மட்டமான படங்களுக்குக் கேலியாகக் கொடுக்கும் ராஸி விருதையும் கொடுத்தார்கள். அந்த நியூசீஸ் மேடையேறி 2012-ல் அவருக்கு நாடகத்துக்கான டோனி விருதை வாங்கிக் கொடுத்தது வேறு கதை. இசைக்கான கிராமி ஏற்கெனவே கையில். 2020-ல் தொலைக்காட்சிக்கான எம்மியும் வர, ஆஸ்கரோடு நான்கு விருதுகளும் சேர்ந்தன.

அந்த எம்மி எதற்கு என்று கேட்டுவிடாதீர்கள். அதுவும் ஒரு கார்ட்டூன் தொடருக்குத்தான்.