ஆகஸ்ட் 15-ல ரோம்ல ஏன் கடை பூட்டிக் கிடக்குது?

கேள்வி: ஆகஸ்ட்ல குடும்பத்தோட ரோம் போயிருந்தோம். 15-ம் தேதி பார்த்தா பாதிக் கடை பூட்டு, கேட்டா ‘ஃபெர்ராகோஸ்தோ’ங்கறாங்க. அவங்களுக்கும் அன்னிக்கு சுதந்திர தினமா, இல்ல சும்மா சோம்பேறித்தனமா? (ஒரு வாசகர், கோவை)

பதில்: ரெண்டும் இல்லீங்க. இத்தாலிக்கு விடுதலை நாள் ஏப்ரல் 25, குடியரசு நாள் ஜூன் 2. ஆகஸ்ட் 15 வேற சமாச்சாரம்.

கி.மு. 18-ல பேரரசர் அகஸ்டஸ் ஆரம்பிச்சு வச்ச லீவு இது. ‘ஃபெரியே அகஸ்தி’, அதாவது அகஸ்டஸோட விடுமுறை, அந்தப் பேருதான் வாய்க்கு வாய் தேய்ஞ்சு ஃபெர்ராகோஸ்தோன்னு ஆயிடுச்சு. ஆனா அவர் ஒண்ணும் புதுசா கண்டுபிடிச்சுடல, அறுவடை முடிஞ்ச கையோட கோன்சுஸ்ங்கற சாமிக்கு அந்த மாசத்துல ஏற்கனவே விழா இருந்துச்சு, அன்னிக்கு குதிரை, கோவேறு கழுதைக்குக்கூட வேலை கிடையாது, பூச்சூட்டி விட்டுடுவாங்க. இவர் அதுக்குப் பக்கத்துல தன் பேர்ல லீவு சேர்த்துக்கிட்டார், அவ்ளோதான். பத்து வருஷம் கழிச்சு, கி.மு. 8-ல, செக்ஸ்டிலிஸ்னு இருந்த மாசத்துக்கே அவர் பேரை வச்சுட்டாங்க. ஸ்டிக்கர் ஒட்டறது நம்ம காலத்துக் கண்டுபிடிப்புன்னு நினைச்சுட்டு இருக்கோம்!

அப்புறம் சர்ச் வந்துச்சு, மாதா விண்ணேற்பு விழா 15-ம் தேதி. அதுக்கப்புறம் முசோலினி ஆளுங்க. 1930-கள்ல ‘மக்கள் ரயில்’னு ஃபெர்ராகோஸ்தோவுக்கு செம டிஸ்கவுன்ட்ல விட்டாங்க, ஒரு நாள் ட்ரிப், மூணு நாள் ட்ரிப்னு. அதுவரைக்கும் கடலையே பார்க்காத தொழிலாளி குடும்பங்கள் எல்லாம் முதல் தடவையா பீச்சுக்குப் போச்சு. டிக்கெட்ல சாப்பாடு சேர்த்தி இல்ல, அதனால வீட்லயே கட்டிக்கிட்டுப் போனாங்க, அன்னிக்கு கட்டுச்சோறு மூட்டையோட பிக்னிக் போற பழக்கம் இப்படித்தான் வேரூன்றிச்சுன்னு சொல்வாங்க. ஆட்சிக்கு அது பிரச்சாரம், சனங்களுக்குக் கடல். ஆட்சி போயிடுச்சு, பிக்னிக் போகல.

இப்பவும் ரோம்ல அன்னிக்கு வீட்ல குடைமிளகாய் போட்ட கோழிக்கறி, கடைசில ஜில்லுனு தர்பூசணி. பீச்சுல ராத்திரி நெருப்பு மூட்டி உட்கார்ந்துக்குவாங்க, பசங்க பலூன்ல தண்ணி ரொப்பி ஒருத்தர் மேல ஒருத்தர் அடிச்சுக்குவாங்க. மறுநாள் 16-ம் தேதி சியனா ஊர்ல பாலியோ குதிரைப் பந்தயம், அதுவும் மாதா பேர்லதான். ஊர்ல மொத்தம் 17 பேட்டை, ஓடறது 10 குதிரை, சேணமே இல்லாம சதுக்கத்தை மூணு சுத்து, ஒண்ணரை நிமிஷத்துக்குள்ள எல்லாம் முடிஞ்சிடும், ஆனா ஜெயிச்ச பேட்டைக்காரங்க அந்தப் பேச்சை விட மாசக்கணக்கு ஆகும்.

சோம்பேறித்தனம்னு கேட்டீங்களே, அதுக்கு வர்றேன். டுரின், மிலான் பக்கம் ஃபேக்டரியையே ஆகஸ்ட்ல வாரக்கணக்கா மூடிட்டுப் போறது பழைய வழக்கம். வருஷம் பூரா உழைச்சவன் ‘கியூசோ பெர் ஃபெரியே’, லீவுக்காக மூடியிருக்குன்னு ஒரு அட்டையைக் கதவுல மாட்டிட்டு பொண்டாட்டி புள்ளையோட கடலுக்குப் போயிருக்கான். நீங்களும் குடும்பத்தோட லீவு போட்டுட்டுத்தானே ரோம் போனீங்க? நீங்க போனா டூர், அவன் போனா சோம்பேறித்தனமா? கோபப்படணும்னா ஆகஸ்ட் 15-க்கு ஷாப்பிங் பிளான் போட்டுக் கொடுத்த உங்க டிராவல் ஏஜென்ட் மேல கோபப்படுங்க.