பிப்ரவரியில் கோஸோ: கூட்டம் இல்லாத, ஆனால் மூடிக்கிடக்காத தீவு

கேள்வி: நானும் என் கணவரும் 60 வயதைக் கடந்தவர்கள். பிப்ரவரி அல்லது மார்ச் மாதத்தில் இரண்டு வாரம் மத்தியதரைக் கடல் தீவு ஒன்றில் கூட்டமில்லாமல் தங்கி, நடந்து, படித்து ஓய்வெடுக்க விரும்புகிறோம். இருவரும் சைவம். கார் ஓட்ட விருப்பமில்லை. அந்த மாதங்களில் தீவுகளில் எல்லாம் மூடிக்கிடக்கும் என்று பலர் பயமுறுத்துகிறார்கள். எந்தத் தீவு எங்களுக்குப் பொருந்தும்? எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?

பதில்: உங்களைப் பயமுறுத்தியவர்கள் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. சாண்டோரினியைப் போலக் கோடைக்காலப் பயணிகளையே நம்பி வாழும் தீவுகளில், நவம்பர் தொடங்கி மார்ச் வரை பெரும்பாலான விடுதிகளும் உணவகங்களும் பூட்டியே இருக்கும். அங்கே கிடைப்பது அமைதி அன்று, வெறுமை. ஆகவே தீவைத் தேர்ந்தெடுக்கும்போது, பயணிகள் வராத மாதங்களிலும் அங்குள்ள மக்கள் தங்களுக்காகக் கடை திறந்து, பேருந்து ஓட்டி, சந்தை கூட்டி வாழ்கிறார்களா என்பதையே முதலில் பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்தால், நீங்கள் கேட்டவற்றுக்கெல்லாம் பொருந்துவது மால்டா நாட்டின் இரண்டாவது பெரிய தீவான கோஸோ.

67 சதுர கிலோமீட்டர் பரப்பும் ஏறத்தாழ 39,000 மக்களும் கொண்ட தீவு அது. அங்கிருந்து ஏராளமானோர் நாள்தோறும் முதன்மைத் தீவான மால்டாவுக்கு வேலைக்கும் படிப்புக்கும் சென்று திரும்புவதால், அத்தீவின் படகுத்துறையான சிர்கெவ்வாவுக்கும் கோஸோவின் இம்ஜார் துறைமுகத்துக்கும் இடையே ஓடும் பெரிய படகு குளிர்காலத்திலும் இரவு பகலாக இயங்குகிறது. கடக்க 25 நிமிடம் ஆகும். ஆங்கிலம் அங்கே ஆட்சிமொழிகளுள் ஒன்று என்பதால் மருந்துக் கடையிலோ பேருந்திலோ தடுமாற வேண்டியிருக்காது. ஊர்ப் பெயர்களைப் படிப்பதற்கு மட்டும் ஒரு குறிப்பு: பலகைகளில் எக்ஸ் எழுத்தைக் கண்டால் அதை 'ஷ்' என்று ஒலிக்க வேண்டும்.

காலத்தைப் பொறுத்தவரை, பிப்ரவரி நடுவுக்கும் மார்ச் நடுவுக்கும் இடையே ஏதேனும் இரண்டு வாரங்களையே நான் பரிந்துரைப்பேன். ஆண்டு மழையில் பெரும்பகுதி அக்டோபர் முதல் பிப்ரவரி வரை பெய்து முடிந்துவிடுவதால், அதற்குள் வானம் ஓரளவு தெளியத் தொடங்கியிருக்கும். பகலில் 15, 16 டிகிரி, இரவில் 10 டிகிரி அளவில் வெப்பநிலை இருக்கும். கோடையில் காய்ந்து பழுப்பேறிக் கிடக்கும் மொட்டைக் குன்றுகள் அப்போது பச்சைப் பசேலென்று இருக்கும். வயல் வரப்புகளிலும் கற்சுவர்களின் அடியிலும் மஞ்சள் புளியாரைப் பூக்கள் பரந்து கிடக்கும். இன்னொரு காரணத்தைப் பயண ஏடுகள் பெரும்பாலும் சொல்வதில்லை. மால்டாவில் பறவை வேட்டைப் பருவம் ஜனவரி 31 அன்று முடிகிறது. அதற்கு முன் போனால், அமைதியான நடைபாதை என்று நம்பிச் செல்லும் இடத்தில் விடியற்காலையிலேயே துப்பாக்கிச் சத்தம் கேட்கும். ஏப்ரலிலும் சில நாட்களுக்கு வேட்டைக்கு அனுமதி தரப்படுவதுண்டு. பிப்ரவரியும் மார்ச்சும் நடப்பவர்களுக்கே உரிய மாதங்கள்.

தங்குமிடம் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் குளிர்காலத்தில் அங்கே போகிறவர்கள் ஏமாறுவது இதில்தான். 15 டிகிரி என்றதும் லேசான குளிர் என்று நினைத்துக்கொள்கிறோம். ஆனால் அந்த வீடுகள் கோடை வெயிலைத் தாங்குவதற்காக மென்மையான சுண்ணாம்புக் கல்லில் தடித்த சுவர் எழுப்பிக் கட்டப்பட்டவை. கல் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், தரையெல்லாம் ஓடு, வீடு முழுவதையும் சூடாக்கும் ஏற்பாடு அரிது. வெளியே வெயிலில் உட்கார்ந்தால் கம்பளிச் சட்டையைக் கழற்றத் தோன்றும், உள்ளே வந்தால் எலும்புவரை குளிரும். நான் ஒருமுறை தங்கிய பழைய பண்ணை வீட்டில், துவைத்துப் போட்ட காலுறை மூன்றாம் நாள் காலையிலும் ஈரமாகவே இருந்தது. அலமாரியில் வைத்திருந்த புத்தகத்தின் தாள்கள் நெளிந்து போயின. எனவே படுக்கையறையிலும் கூடத்திலும் வெப்பம் தரும் ஏசி இருக்கிறதா, அதற்கான மின்கட்டணம் வாடகையில் அடங்குமா அல்லது மீட்டர் பார்த்துத் தனியாக வாங்குவார்களா, ஈரம் உறிஞ்சும் கருவி உண்டா, அறைக்குத் தெற்கு வெயில் வருமா என்ற நான்கையும் எழுத்தில் கேட்டு, எழுத்திலேயே பதில் பெறுங்கள். நீச்சல்குளம் உள்ள வீடு என்று கூடுதல் வாடகை கொடுக்காதீர்கள். சூடாக்கப்படாத குளத்தை அந்த மாதத்தில் பார்க்கத்தான் முடியும்.

ஊர் என்று பார்த்தால், படங்களில் மயக்கும் கடலோரச் சிற்றூர்களான ஷ்லெண்டியையும் மார்சால்ஃபோர்னையும் விட்டுவிட்டு, கோஸோவின் தலைநகரான விக்டோரியாவில் தங்குங்கள். கடலோரத்தில் கோடை வீடுகள் பாதிக்கு மேல் பூட்டிக் கிடக்கும். விக்டோரியாவில் காலைச் சந்தை உண்டு, தீவின் பொது மருத்துவமனை உண்டு, சிட்டாடெல்லா கோட்டை தலைக்கு மேலேயே நிற்கும். கார் இல்லாதவர்களுக்கு முக்கியமானது, தீவின் பேருந்துகள் ஏறத்தாழ எல்லாமே அங்கிருந்து கிளைபிரிகின்றன என்பது. ஓர் ஊரிலிருந்து பக்கத்து ஊருக்குப் போகக்கூடப் பல நேரம் விக்டோரியாவுக்கு வந்துதான் மாற வேண்டியிருக்கும். சிறு கடைகள் நண்பகலில் மூடிப் பிற்பகல் நான்கு மணிவாக்கில்தான் திறக்கும், ஞாயிறன்று பலவும் திறப்பதேயில்லை என்பதால் சனிக்கிழமையே மளிகை வாங்கிவிடுங்கள். ஈஸ்டருக்கு முன் வரும் கிறிஸ்தவ நோன்புக் காலமான தவக்காலத்துக்கு முந்தைய ஐந்து நாட்கள் நதூர் ஊரில் முகமூடிக் களியாட்டம் இரவு முழுக்க நடக்கும். ஒரு மாலை போய்ப் பார்க்கலாம். ஆனால் அந்த ஊரில் அறை எடுக்க வேண்டாம்.

சைவ உணவுக்குக் கவலையில்லை. மேலே உருளைக்கிழங்கும் பாலாடைக்கட்டியும் அடுக்கிச் சுட்ட ரொட்டியான கோஸோ ஃப்திரா வயிற்றை நிரப்பிவிடும். பட்டாணி வைத்துச் சுட்ட பஸ்தித்ஸி என்னும் மொறுமொறுப்பான பலகாரம் எங்கும் கிடைக்கும், ஆனால் அதன் மாவில் பன்றிக் கொழுப்பு சேர்க்கும் வழக்கமும் உண்டு; கேட்ட பிறகே வாங்குங்கள்.

நடைக்கு முதல் நாளே ஷ்வெய்னி உப்பளத்துக்குப் போங்கள். மார்சால்ஃபோர்னிலிருந்து கடலை ஒட்டி மேற்கே நடந்தால், மஞ்சள் பாறையில் உளியால் வெட்டிய நூற்றுக்கணக்கான பாத்திகள் தொடங்கும். உப்பு வாருவது கோடையில்தான். பிப்ரவரியில் பாத்திகளில் மழைநீரும் கடல்நீரும் கலந்து நிற்கும், ஒவ்வொன்றிலும் ஒரு துண்டு வானம் தெரியும். அலை பாறையில் மோதும்போது பாத்திகளின் நீர் முழுவதும் ஒருசேரச் சிலிர்ப்பதை அருகில் நின்று பார்க்கலாம், காற்று பலமாக இருந்தால் மட்டும் விளிம்பை நெருங்காதீர்கள். குளிர்காலக் கடலின் வலுவுக்குக் கோஸோவின் மேற்குக் கரையிலுள்ள த்வேய்ராவே சாட்சி: அங்கே நின்றிருந்த நீலச் சாளரம் என்னும் பாறை வளைவு 2017 மார்ச் 8 அன்று புயலில் இடிந்து கடலுக்குள் போய்விட்டது. ஷாரா ஊரில் உள்ள ஜிகான்டியா கோயில்கள் எகிப்தின் பிரமிடுகளைவிடப் பழையவை. கோடையில் நெருக்கியடிக்கும் அந்தக் கற்களிடையே அப்போது நிதானமாக நிற்கலாம். ரம்லா கடற்கரைக்கு இறங்கும் சரிவுகளில் நீலக் களிமண் அடுக்கு வெளியே தெரிகிறது. மழை பெய்த மறுநாள் அது சோப்புக் கட்டி போல வழுக்கும் என்பதால், உங்கள் வயதில் அன்றைக்குத் தார்ச் சாலையோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

இந்தியக் கடவுச்சீட்டு என்றால் ஷெங்கன் விசா தேவை. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிலிருந்தே விண்ணப்பிக்கலாம். 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடும் கட்டாயம். மின்செருகி பிரிட்டனின் பட்டை மூன்று முனை வகை என்பதால் அதற்கான அடாப்டர் எடுத்துச் செல்லுங்கள்.

திரும்பும் விமானத்தன்று காலையில் கோஸோவிலிருந்து கிளம்பும்படி திட்டமிட வேண்டாம். மால்டாவின் தலைநகரான வலேட்டாவிலிருந்து இம்ஜாருக்கு 45 நிமிடத்தில் செல்லும் விரைவுப் படகு காற்று பலத்தால் எளிதில் நின்றுவிடும். கடுமையான புயலில் பெரிய படகும் நிற்பதுண்டு. கடைசி இரவை வலேட்டாவில் வைத்துக்கொண்டால், பாவ்லா நகரில் பாறைக்குள் குடைந்த நிலவறைக் கல்லறையான ஹைப்போஜியத்தையும் பார்த்துவிடலாம். ஒரு சுற்றுக்குப் பத்துப் பேரையே உள்ளே விடுவதால், குளிர்காலமாயினும் அதற்கு நாள் குறித்தவுடன் சீட்டு வாங்கிவிடுங்கள். பெரிய படகுக்கு முன்பதிவு வேண்டியதில்லை. கோஸோவுக்குப் போகும்போது பணம் கேட்கமாட்டார்கள், திரும்பும்போது இம்ஜாரில்தான் இரு வழிக்கும் சேர்த்துச் சீட்டு எடுக்க வேண்டும்.